துளைகளை வாசிப்பவர்கள்

சில வருடங்களுக்கு முன் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு ஊரில் ஒன்பது மாதம் தங்கியிருந்தேன். எண்பதை நெருங்கும் ஒரு அம்மாவின் வீட்டு மாடி அறை. குடிபோன முதல் ஞாயிறு காலை கீழே பியானோ சத்தம் கேட்டது. நன்றாக வாசிக்கிறாரே என்று இறங்கிப் போய்ப் பார்த்தால், அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பியானோவின் கட்டைகள் தாமாகவே இறங்கி ஏறுகின்றன. என் பாட்டி தையல் மெஷின் மிதிப்பாரே, கிட்டத்தட்ட அதுபோல அவருடைய கால்கள் மட்டும் இரண்டு பெடல்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தன. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கதவு திறந்திருக்க, அதற்குள் ஓட்டை ஓட்டையாய் ஒரு காகிதச் சுருள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"பிளேயர் பியானோ. என் அம்மாவுடையது," என்றார். "எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. மிதிக்கத் தெரியும்."

அந்த இலையுதிர்காலத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த ஒரு வால்ட்ஸ் சுருள் கிழிந்துபோனது. 1920களின் காகிதம். ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. "நீ கம்ப்யூட்டர் வேலைதானே செய்கிறாய், புதுசு கிடைக்குமா என்று பார்த்துச் சொல்லேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பியானோ ரோலில் புதுசு என்று ஒன்று இருக்குமா என்ன?

இருந்தது. அதைத் தேடிப்போன ஒரு மாதத்தில்தான், நான் சம்பளம் வாங்குகிற தொழிலின் பூர்வகதையில் ஒரு பகுதி அந்தத் துளைகளுக்குள் இருப்பது தெரியவந்தது.

*

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். அந்த அம்மாவின் பியானோவில் மின்சாரம் கிடையாது. எல்லாம் காற்று. பெடலை மிதித்தால் துருத்திகள் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். சுருள் ஒரு பித்தளைப் பட்டையை உரசியபடி நகரும். அதற்கு டிராக்கர் பார் என்று பெயர். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துவாரம், 88 கட்டைக்கு 88 துவாரம். காகிதம் மூடியிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. காகிதத்தில் இருக்கும் துளை வந்து பித்தளைத் துவாரத்தோடு பொருந்தும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே பாயும். ஒரு வால்வு திறக்கும். ஒரு குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கி, சுத்தியலைத் தந்திமேல் அடிக்க வைக்கும். துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். மென்பொருள்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சின்னச் சின்ன சாமர்த்தியங்களும் உண்டு. நீண்டு ஒலிக்கும் சுரத்துக்கு நீளமான துளை வேண்டும். ஆனால் நீளமாக வெட்டினால் காகிதம் பலமிழந்துவிடும். அதனால் சிறு துளைகளைச் சங்கிலிபோல வரிசையாகக் குத்தி, நடுவே மெல்லிய பாலங்களை விட்டுவிடுவார்கள். பித்தளைத் துவாரம் அந்தப் பாலத்தைவிட அகலம் என்பதால் சுரம் அறுபடாமல் கேட்கும். சுருளின் முகப்பில் டெம்போ 70 என்று போட்டிருந்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி நகர வேண்டும் என்று அர்த்தம். 80 என்றால் 8 அடி. பாட்டு வரிகள் அச்சிட்ட சுருள்களும் உண்டு. காகிதம் கீழ்நோக்கி ஓடுவதால் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

வாங்கப் போனால் மூன்று வகை. ஒன்று, பழைய அசல். சில டாலர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். ஆனால் மிதிக்கும் முதல் தடவையே அதற்குக் கடைசித் தடவையாகிவிடலாம். இரண்டு, மறுவெளியீடு. பழைய சுருளைப் பார்த்துப் புதுக் காகிதத்தில் வெட்டியது. மூன்று, முழுக்கப் புதுசு. இன்றைக்கு இருக்கும் ஒருவர் தாமே இசைக்கோப்பு செய்து வெட்டியது.

இதில் காலை வாருகிற விஷயங்களும் இருக்கின்றன. 1908 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தில் சுருள் உற்பத்தியாளர்கள் கூடி ஒரு பொது அளவுக்கு ஒப்புக்கொண்டார்கள். காகித அகலம் 11¼ அங்குலம். 65 சுரச் சுருளுக்கு அங்குலத்துக்கு 6 துளை, 88 சுரச் சுருளுக்கு 9 துளை. அகலம் ஒன்றே என்பதால் அகலத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாற்றி வாங்கினால் போச்சு. இது போக, ஒருவர் வாசித்த அழுத்தத்தையும் குழைவையும் சேர்த்துத் திருப்பித் தரும் 'ரீப்ரொட்யூசிங்' பியானோக்களுக்கென்று வெல்ட்டே-மினியோன், டியோ-ஆர்ட், ஆம்ப்பிகோ எனத் தனித்தனிச் சுருள்கள். மாலர் 1905இல் வெல்ட்டேவுக்காக வாசித்த சுருள்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் டியோ-ஆர்ட், ஆம்ப்பிகோ சுருளைச் சாதாரண பியானோவில் போட்டால், அழுத்தத்துக்காக ஓரங்களில் குத்திய துளைகளையும் சுரமென்று எடுத்துக்கொண்டு அது கோடிக் கட்டைகளை அடிக்கும்.

நான் மாட்டவிருந்த குழி வேறு. மறுவெளியீடு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அதற்கு வருவதற்குமுன் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

1895இல் டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி என்பவர் 'பியனோலா' என்ற பெட்டியைச் செய்தார். சாதாரண பியானோவின் முன்னே தள்ளிக்கொண்டுபோய் வைத்தால், தன் மரவிரல்களால் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் நிறுவனம் அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. சீக்கிரமே அந்தப் பொறியைப் பியானோவின் உள்ளேயே வைத்துவிட்டார்கள். சுருள்கள் லட்சக்கணக்கில் விற்றன. பாட்டை எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை.

பாஸ்டனைச் சேர்ந்த வைட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பகம் அப்பல்லோ கம்பெனி மீது வழக்குப் போட்டது. ஆடம் கைபெல் என்பவர் இசையமைத்து, அந்தப் பதிப்பகம் வெளியிட்ட இரண்டு பாடல்களை அனுமதியின்றிச் சுருளாக வெட்டி விற்கிறார்கள் என்பது புகார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. சுருள் என்பது பிரதி அல்ல. பிரதி என்றால் மனிதர் பார்த்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். துளைகளைப் பார்த்து யாரும் இசையை வாசிப்பதில்லை. ஆகவே சுருள் பியானோவின் ஓர் உறுப்பு மட்டுமே. மெனக்கெட்டால் துளைகளை வாசித்துவிடலாம் என்றும் சிலர் சாட்சி சொல்லத்தான் செய்தார்கள். நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹோம்ஸ் என்ற நீதிபதி மட்டும், முடிவை ஏற்றுக்கொண்டபடியே, ஒலியின் அதே ஒழுங்கை இயந்திரத்தால் திருப்பித் தருகிற எதுவும் பிரதியாகத்தான் கருதப்பட வேண்டும், சட்டம் அதற்கு இடம்கொடுக்காவிட்டால் சட்டத்தைத்தான் திருத்த வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தார்.

இந்த வழக்கைப் படித்தபோது கைபெல் யார் என்று தேடினேன். ஜெர்மனியில் பிறந்து பிலடெல்ஃபியாவில் வாழ்ந்தவர், நிறைய தேவாலயப் பாடல்கள் எழுதியவர். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்.

கொஞ்ச நேரம் திரையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணால் வாசிக்க முடியாத இசை பிரதியே அல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது, கண் தெரியாத ஒருவர் இசையமைத்த பாடல்களை வைத்து. அவருக்கு அச்சிட்ட தாளும் துளையிட்ட சுருளும் ஒன்றுதான், இரண்டையும் பார்க்க முடியாது. சுருளையாவது கேட்கலாம்.

அடுத்த வருடமே, 1909இல், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. ஆனால் அதற்குள் இன்னொரு பயம் வந்திருந்தது. ஏயோலியன் நிறுவனம் பெரிய பதிப்பகங்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. உரிமையை முழுக்க இசையமைப்பாளர் பக்கம் கொடுத்தால் எல்லாச் சுருளும் ஒரே கம்பெனியின் கைக்குப் போய்விடும். அதனால் ஒரு நடுவழி. ஒரு பாடலை ஒருவர் இயந்திரப் பதிவாக்க இசையமைப்பாளர் அனுமதித்துவிட்டால், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் பதிவாக்கலாம், ஒரு பிரதிக்கு 2 சென்ட் கொடுத்தால் போதும். அந்த 2 சென்ட் 1978 வரை மாறவில்லை. 'மெக்கானிக்கல் ராயல்டி' என்ற சொல் இன்றும் ஒழியவில்லை. நீங்கள் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டால் அமெரிக்காவில் அதை எழுதியவருக்குச் சேரும் தொகையின் ஒரு பகுதிக்கு இப்போதும் அதுதான் பெயர். இந்தியச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு சந்து இருந்தது. கேசட் காலத்தில் வேறு குரல்களில் வந்த 'வெர்ஷன்' பாடல்கள் அதன் வழியாக நுழைந்தவை. 2012 திருத்தத்தில்தான் அதற்கு இறுக்கமான நிபந்தனைகள் வந்தன.

என் தொழிலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டம், நேரடியாகவோ இயந்திரத்தின் உதவியோடோ உணரக்கூடிய எதுவும் பிரதிதான் என்று வரையறுத்தது. 1908 தீர்ப்பின் கதை அங்கே முடிந்தது. 1983இல் ஆப்பிளுக்கும் ஃபிராங்க்ளினுக்கும் நடந்த வழக்கில், சிப்புக்குள் இருக்கும் ஒன்றும் பூஜ்யமும் மனிதர் வாசிப்பதற்கானவை அல்ல, அதற்கு எப்படிப் பதிப்புரிமை என்ற பழைய கேள்வி திரும்ப வந்தது. இம்முறை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நான் எழுதுகிற நிரலுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்றால், அது பாட்டுச் சுருளில் தோற்று, நிரலில் ஜெயித்த ஒரு வாதத்தினால்.

*

நீதிமன்றம் என்ன சொன்னாலும் துளைகளை வாசிக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள்.

ஜே. லாரன்ஸ் குக், 1899இல் டென்னசியில் பிறந்த கறுப்பினத்தவர். இளமையில் ஒரு கைத் துளையிடும் கருவியை வாங்கித் தானே சுருள் வெட்டப் பழகினார். 1920களில் க்யூஆர்எஸ் நிறுவனத்துக்கு வந்தார். அவருடைய வேலை பியானோ முன் உட்கார்ந்து பாட்டை ஓடவிடுவது அல்ல. துளையிடும் இயந்திரத்தில் ஒரு நொடியின் சுரங்களை அழுத்திப் பிடி, குத்து, காகிதத்தை ஒரு படி நகர்த்து, அடுத்தது. இசையைக் காலமாக இல்லாமல் தூரமாக யோசிக்கிற வேலை. பிரபல வாசிப்பாளர்களின் பாணியை அப்படியே துளைகளில் கொண்டுவருவார். அவர் வெட்டியவை பத்தாயிரத்துக்கும் மேல் என்பார்கள். அவற்றில் பல புனைபெயர்களில் வந்தவை. சுருள் தொழில் நொடித்த காலத்தில் தபால் துறையிலும் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தார்.

இன்னொருவர் கான்லன் நான்காரோ. அமெரிக்கர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராகச் சண்டை போட்டவர், அந்த அரசியலின் காரணமாக 1940இல் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் எழுதிய தாளகதிகளை வாசிக்க மனிதக் கைகள் கிடைக்கவில்லை. 1947இல் நியூயார்க் வந்து, குக்கைச் சந்தித்து, அவரிடமிருந்த துளையிடும் இயந்திரத்தைப்போல ஒன்றைச் செய்வித்து மெக்சிகோ சிட்டிக்கு எடுத்துப்போனார். அதன்பின் பல பத்தாண்டுகள் தனியாக உட்கார்ந்து துளை துளையாகக் குத்தினார். சில நிமிட இசைக்குப் பல மாதங்கள். பிளேயர் பியானோவுக்காக அவர் எழுதிய ஏறத்தாழ ஐம்பது 'ஸ்டடி'கள் இன்று இருபதாம் நூற்றாண்டு இசையின் முக்கியமான ஆக்கங்களில் சேர்கின்றன. உலகம் பிளேயர் பியானோவைப் பரணில் ஏற்றிவிட்ட பிறகு எழுதப்பட்டவை அவை.

பரணில் ஏறியது வேகமாகத்தான் நடந்தது. 1923இல் அமெரிக்காவில் செய்த பியானோக்களில் பாதிக்குமேல் பிளேயர் பியானோக்கள். பிறகு ரேடியோ வந்தது, 1925இல் மைக் வைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டு வந்தது, 1929இல் பங்குச்சந்தை விழுந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. பல இடங்களில் மூலச் சுருள்கள் குப்பைக்குப் போயின. 1900இல் தொடங்கிய க்யூஆர்எஸ் மட்டும் தாக்குப்பிடித்து, 1960களில் பஃபலோவுக்கு இடம்பெயர்ந்து, புதுப் பாடல்களையும் வெட்டிக்கொண்டே இருந்தது. 2008ஆம் வருடத்தின் கடைசி நாளில் அந்தத் தொழிற்சாலையில் சுருள் உற்பத்தியை நிறுத்தினார்கள். அளவுக்கான ஒப்பந்தம் அதே ஊரில் கையெழுத்தாகிச் சரியாக நூறு வருடம். அந்தப் பெயரில் சுருள்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன என்றாலும், அந்தச் செய்தியோடு ஒரு காலம் முடிந்தது.

*

இனி அந்த மறுவெளியீட்டுக் குழிக்கு வருகிறேன்.

பழைய சுருளின் துளைகளை ஒரு கருவியால் படித்து, படித்தபடியே புதுக் காகிதத்தில் குத்துவது ஒரு முறை. சுலபம். ஆனால் பழைய காகிதம் நூறு வருடத்தில் சுருங்கியிருக்கும், ஈரத்தில் உப்பியிருக்கும், ஓரமாக வளைந்திருக்கும். ஒவ்வொரு துளையும் மயிரிழை முன்னே பின்னே விழும். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் பிழையின்மேல் பிழை. சேர்ந்து விழவேண்டிய சுரங்கள் சிதறி, குடித்துவிட்டு வாசிப்பதுபோல இருக்கும். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எப்படியோ அப்படி. மலிவாகக் கிடைத்த ஒன்றை நான் ஆர்டர் செய்யவிருந்தேன். நல்லவேளை, கிழிந்த சுருளின் நீளத்தையும் பட்டியல் எண்ணையும் கேட்டு நான் கடிதம் எழுதிய ஒரு பெரியவர் தடுத்தார்.

அவர் செய்வது இன்னொரு முறை. தொழிற்சாலையின் துளையிடும் இயந்திரம் காகிதத்தைச் சீராக நகர்த்தவில்லை, படிப்படியாகத்தான் நகர்த்தியது. ஆகவே ஒவ்வொரு அசல் துளையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தின் ஏதோ ஒரு கோட்டில்தான் விழுந்திருக்க வேண்டும். சுருளை ஸ்கேன் செய்து, அந்தப் படியின் அளவைக் கண்டுபிடித்து, விலகிப்போன ஒவ்வொரு துளையையும் அதன் சொந்தக் கோட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோனால், கிடைப்பது கிழிந்த சுருளின் நகல் இல்லை. 1920களில் தொழிற்சாலையில் இருந்து, பிறகு குப்பைக்குப் போன அந்த மூலமே திரும்பக் கிடைக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு மூன்று சுருள்களை ஒப்பிட்டால் கிழிசல் எது, அசல் எது என்பதும் தெரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்தது. ஒரு பழைய கணக்கு மென்பொருளிலிருந்து தரவுகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த ஃபைல் எந்த அமைப்பில் எழுதப்பட்டது என்று தெரிந்தவர்கள்தான் யாரும் இல்லை. இரண்டு மாதம் முட்டிவிட்டு, கடைசியில் மேலிடத்தில் அதைக் கைவிடச் சொன்னார்கள். பதினோரு வருடக் கணக்கு. ஒரு பைட்டும் அழியவில்லை, ஆனால் எல்லாம் போயிற்று. சேமித்து வைப்பது பாதி வேலைதான், வாசிக்கத் தெரிந்த ஒருவர் மிஞ்ச வேண்டும் என்பதை அன்று படித்தேன்.

பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கட்டத்துக்குத் திருப்பும்போது ஒரு சுரம் வெளிப்படையாகவே தப்பு என்று தெரிந்தால்? திருத்துவீர்களா? அந்தத் தப்பு எல்லாப் பிரதிகளிலும் இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன் என்று எழுதினார். அது தொழிற்சாலை செய்த தப்பு. தன்னுடைய வேலை அவர்கள் வெட்டியதை வெட்டுவது, அவர்கள் வெட்டியிருக்க வேண்டியதை அல்ல. நிரலில் பிழையைக் கண்டால் கை பரபரக்கும் எனக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. யோசித்தால், பழைய ஏட்டைப் பதிப்பிக்கிற நம் ஆட்கள் நூறு வருடமாகச் சண்டை போடும் விஷயமும் இதுதானே.

வாங்கும் முறையும் நமக்குப் பழக்கமானதுதான். என்னென்ன பாட்டு வெட்டப்போகிறேன் என்று ஒரு பட்டியல் வரும். போதுமான பேர் பணம் கட்டினால், பல தாள்களை அடுக்கி ஒரே தடவையில் துளையிடுவார். அதோடு அந்தப் பாட்டு முடிந்தது. நம் சிறு பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டத்தை நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு வால்ட்ஸ் இந்த உலகத்தில் இன்னொரு நூறு வருடம் இருக்கும்.

மறுபக்கம் பெரிய நூலகங்களும் இறங்கியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2014இல் டெனிஸ் காண்டன் என்ற ஆஸ்திரேலியச் சேகரிப்பாளரின் 7,500க்கும் மேற்பட்ட சுருள்களை வாங்கி, அவற்றை ஸ்கேன் செய்து, படத்தையும் மிடி ஃபைலையும் எல்லோருக்கும் திறந்துவைத்து வருகிறது. இசையமைக்கும் மென்பொருளில் சுரங்களைக் கட்டம் கட்டமாக வைக்கிற ஜன்னலுக்குப் பெயரே 'பியானோ ரோல்'. கோடம்பாக்கத்தில் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிற பையன் தினமும் அதைத்தான் திறக்கிறான். அது கிடைமட்டமாக ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்கேன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்கலாம். நானும் அந்த அம்மாவிடம் அதைக் கேட்டேன். மிடி ஃபைலை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இதில் ஒரு வேலையும் இல்லையே" என்றார்.

*

பணம் கட்டி மூன்றரை மாதம் கழித்து, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் நீளமான அட்டைப்பெட்டி வந்தது. வெள்ளைக் காகிதம், புது மை வாசனை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுருளை மாட்டி, நுனியிலிருந்த வளையத்தைக் கீழ் உருளையின் கொக்கியில் கோத்தார். மிதிக்க ஆரம்பித்தார்.

முதல் முறையாக நான் கட்டைகளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வை டிராக்கர் பாரில் இல்லை. அதற்கு நாலு விரற்கடை மேலே, இன்னும் வந்து சேராத காகிதத்தில் இருந்தது. துளைகள் இடப்பக்கம் கொத்தாகத் திரளும் ஓர் இடம் மேலிருந்து எட்டிப் பார்த்ததும் கால்கள் மெல்ல அடங்கின. அது பட்டைக்கு வந்த கணத்தில் அழுத்தி ஒரு மிதி. கீழ்ச்சுரங்கள் மொத்தமாக முழங்கின.

"அது வருவது எப்படித் தெரியும்?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி புரியாதவர்போல, காகிதத்தைக் கை காட்டினார்.

"எழுதியிருக்கிறதே."